நகரும் பொருளின் தூரம், நேரம், வேகம்: குழந்தைகளுக்குக் கற்றுத்தருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டிலும் வகுப்பிலும் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? அஞ்சு வயசுக் குழந்தைக்கு வேகம்னா புரியுமா?

"வேகமா", "மெதுவா" என்ற சொற்கள் சின்ன வயதிலேயே வாயில் வந்துவிடும். வேகம் ஓர் எண்ணாகப் புரிவதற்கு நாளாகும். ஐந்து முதல் ஏழு வயது வரை ஒப்பிடப் பழகினால் போதும்: எது தூரம், எது பக்கம், எது முதலில் வந்தது, எது பிறகு. எட்டு வயதுவாக்கில் டேப்பையும் ஸ்டாப்வாட்சையும் கையில் கொடுக்கலாம். தசம எண்களை வகுக்கத் தெரிந்த பிறகு வேகத்தைக் கணக்கிடச் சொல்லலாம்.

வயதைவிட வரிசைதான் முக்கியம். தூரத்தைச் சரியாக அளக்கத் தெரியாத குழந்தையிடம் வேகத்தைக் கேட்டால், சூத்திரத்தை மனப்பாடம் செய்து தப்பித்துக்கொள்ளும். வேகத்தைப் பெற இங்கே நாம் செய்வது இரண்டு அளவீடுகளும் ஒரு வகுத்தலும். அந்த இரண்டு அளவுகளை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் விடையையும் நம்பலாம். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

2. ரெண்டு கார் ஓடினா, முன்னாடி போய் நிக்கிறதுதான் வேகமான கார்னு என் பொண்ணு அடிச்சுச் சொல்றா. எப்படிப் புரியவைக்கிறது?

இது எல்லாக் குழந்தைகளும் கடந்து வருகிற கட்டம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தார். 1928-ல் ஐன்ஸ்டைன் கேட்ட கேள்விதான் அந்த ஆய்வுக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். சிறு குழந்தைகள் கடைசியில் எது முன்னால் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். எங்கே புறப்பட்டது என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

வாயால் விளக்க வேண்டாம், மூன்று ஆட்டங்கள் போதும். முதலாவது: இரண்டு கார்களும் ஒரே கோட்டில் புறப்பட்டு ஒரே கோட்டில் முடிக்கட்டும்; குறைந்த நேரம் எடுத்தது வேகமானது. இரண்டாவது: ஐந்து எண்ணும்வரை இரண்டும் ஓடட்டும்; அதிக தூரம் போனது வேகமானது. மூன்றாவது: ஒரு காரை அரை மீட்டர் பின்னால் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே கோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி கையால் நகர்த்துங்கள். "எது வேகமா வந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பல குழந்தைகள் "ரெண்டும் சமம்" என்பார்கள். இரண்டின் பாதையிலும் ஒரு நூலை வைத்து வெட்டி, நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினால் பதில் மாறும். அன்றே மாறாவிட்டாலும் பரவாயில்லை, சில நாள் கழித்து மறுபடி செய்யுங்கள்.

3. என்னென்ன சாமான் வேணும்?

5 மீட்டர் டேப், ஒரு மீட்டர் அளவுகோல், சாக்பீஸ், தரையில் ஒட்டக் காகித ஒட்டுநாடா, முறுக்கில்லாத நூல், ஸ்டாப்வாட்ச் அல்லது ஃபோன், கட்டத் தாள். நகர்வதற்கு ஒரு பேட்டரி பொம்மைக் காரும் சில கோலிக்குண்டுகளும். சாய்தளத்துக்கு 2 மீட்டர் நீளமுள்ள, நடுவில் பள்ளம் உள்ள ஏதாவது ஒரு சட்டம். 10-வது பதிலில் வரும் குழாயைத் தவிர, இதற்குமேல் எதையும் வாங்கத் தேவையில்லை.

4. தூரம் அளக்கிறதுல சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு? டேப்பை வெச்சா முடிஞ்சது, இல்லையா?

டேப்பை வைப்பதில்தான் பாதிப் பிழை வருகிறது. மர அளவுகோலின் முனை தேய்ந்திருக்கும், அல்லது சுழிக்கோடு முனையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். குழந்தை முனையிலிருந்து அளக்கும். அதற்கு எளிய வழி 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் 10-ஐக் கழிப்பது. உலோக டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும், அது பழுதில்லை. மாட்டி இழுக்கும்போதும் சுவரில் முட்டும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் வந்துவிட வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். துணி டேப் நாளடைவில் நீண்டுபோகும். அதை மீட்டர் அளவுகோலோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பொருளின் எந்த இடத்தை அளக்கிறோம் என்பது. கார் புறப்படும்போது முன் பம்பரையும் நிற்கும்போது பின் சக்கரத்தையும் பார்த்தால் ஒரு கார் நீளத்துக்குப் பிழை. "முன் சக்கரத்தின் அச்சு" என்று ஒரே இடத்தைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, அங்கே ஒரு வண்ணப் புள்ளி வைத்துவிடுங்கள். அளவைப் படிக்கும்போது கண் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும்; பக்கவாட்டில் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். தரையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் ஒருமுறை, எழுந்து பக்கவாட்டில் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் வேறாக வருவதைப் பார்த்த குழந்தைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

5. எறும்பு நேரா போகாது. வளைஞ்சு வளைஞ்சு போற பாதையை எப்படி அளக்கிறது?

எறும்பு போகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி என்று சாக்பீஸால் வைத்துக்கொண்டே வாருங்கள். எறும்பு போன பிறகு புள்ளிகளின் மேல் நூலைப் படியவிட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து நேராக்கி அளவுகோலில் வையுங்கள். நூலை இழுத்துப் பிடிக்காமல் படியவிட வேண்டும். இழுத்தால் வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தூரம் குறைந்துவிடும். எறும்பின் பாதையில் விரலோ சாக்பீஸ் தூளோ விழுந்தால் அது வழி மாறும், வேகமும் மாறும்.

பெரிய வளைவுகளுக்குச் சக்கரம் நல்லது. சைக்கிள் சக்கரத்தின் ஓரிடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்திலிருந்து மறுபடி தொடும் இடம்வரை உருட்டி அளந்தால் ஒரு சுற்றின் நீளம் தெரியும். பிறகு சுற்றுகளை எண்ணினால் போதும். அட்டையில் தாங்களே செய்ய விரும்பினால் 31.8 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும்.

6. எல்லாக் குழுவுக்கும் ஸ்டாப்வாட்ச் இல்லை. வேறு வழி உண்டா?

ஊசல் இருக்கிறது. ஒரு நட்டையோ சிறு கல்லையோ நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் கட்டிய புள்ளியிலிருந்து கல்லின் நடுப்பகுதிவரை 25 செ.மீ. இருந்தால், ஒருமுறை போய்த் திரும்பி வர (இதுதான் ஓர் அலைவு) ஏறக்குறைய 1 வினாடி. நீளம் 1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 2 வினாடி. நீளத்தை நான்கு மடங்காக்கினால் நேரம் இரு மடங்குதான் ஆகிறது என்பதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

நீளத்தைக் கல்லின் அடிவரை அளப்பது, அகலமாக ஆடவிடுவது, கையில் பிடித்துக்கொண்டே ஆட்டுவது ஆகிய மூன்றும் வழக்கமான தவறுகள். வீச்சு சிறியதாக இருக்க வேண்டும், நூலின் மேல்முனை அசையவே கூடாது. ஊசலைச் சோதிக்க ஒரே ஓர் அலைவை அளக்காமல், 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20-ஆல் வகுங்கள். விடும்போது "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்தால் ஓர் அலைவு குறைந்துவிடும். "சுழி" என்று தொடங்க வேண்டும்.

7. ஒரே ஓட்டத்துக்கு நாலு பசங்க நாலு நேரம் சொல்றாங்க. யார் சொல்றது சரி?

நால்வருமே சரியாக அளந்திருக்கலாம். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சுமார் 0.2 வினாடி ஓடிவிடும். அது ஆளுக்கு ஆள், முறைக்கு முறை மாறும். ஸ்டாப்வாட்ச் 4.37 என்று நூறில் ஒரு பங்குவரை காட்டுவது கடிகாரத்தின் நுட்பம். விரலுக்கு அந்த நுட்பம் கிடையாது. கையால் அளந்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்குவரை எழுதினால் போதும்.

ஒவ்வொரு குழந்தையின் எதிர்வினை நேரத்தையும் அளந்துகொள்ளலாம். 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குழந்தையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சுழிக்கோட்டுக்கு இருபுறமும் தொடாமல் இருக்கட்டும். சொல்லாமல் விடுங்கள். பிடித்த இடம் 10 செ.மீ. என்றால் 0.14 வினாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23, 30 என்றால் 0.25. பத்துக்குக் கீழே வந்தால் அது முன்கூட்டி ஊகித்துப் பிடித்தது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தொடக்கத்தில் 0.2 வினாடி தாமதம், முடிவிலும் 0.2 வினாடி தாமதம், கழிந்துவிடாதா என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் முழுதாகக் கழியாது. "போ" என்ற சொல் திடீரென்று வருகிறது, அதனால் தொடக்கத்தில் விரல் தாமதிக்கிறது. முடிவுக்கோட்டை நோக்கிக் கார் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சரியான கணத்தில் அழுத்திவிடுகிறார்கள். விளைவு: அளந்த நேரம் உண்மையைவிடக் குறைவு, கணக்கிட்ட வேகம் கூடுதல். காரைத் தொடக்கக் கோட்டுக்கு அரை மீட்டர் முன்பிருந்தே ஓடவிட்டால், இரண்டு கோடுகளையும் கார் நெருங்குவது தெரியும். பிழை பெருமளவு குறையும்.

8. 10.2, 10.4, 14.1 வினாடின்னு வந்திருக்கு. சராசரி எடுக்கலாமா?

முதலில் 14.1 ஏன் வந்தது என்று கேளுங்கள். கார் சுவரில் உரசியதா, பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்களா? காரணம் தெரிந்தால் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதி, இன்னொரு முறை அளக்கலாம். காரணம் தெரியாவிட்டால் அழிக்கக் கூடாது. இன்னும் இரண்டு முறை அளந்து, ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். பிடிக்காத எண்ணை அழிக்கும் பழக்கம் சின்ன வயதில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது.

9. எவ்வளவு தூரத்துக்கு ஓடவிடணும்? 1 மீட்டர் போதுமா?

பெரும்பாலும் போதாது. கார் வினாடிக்கு அரை மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டருக்கு 2 வினாடி. விரலால் வரும் பிழை 0.2 வினாடி என்றால், அளந்த நேரம் 1.8-லிருந்து 2.2 வரை எதுவாகவும் இருக்கலாம், வேகம் 0.45-லிருந்து 0.56 வரை அலையும். அதே கார் 5 மீட்டர் ஓடினால் 10 வினாடி, அதே 0.2 வினாடிப் பிழைக்கு வேகம் 0.49-லிருந்து 0.51-க்குள் அடங்கிவிடும். பிழை அப்படியே இருக்க, அளக்கும் நேரம் நீண்டதால் அதன் பங்கு சிறுத்துவிட்டது.

ஆகவே குறைந்தது 5 வினாடி, முடிந்தால் 10 வினாடி ஓடும்படி தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். அறை சிறியது, காரோ வேகமானது என்றால் 18-வது கேள்வியில் உள்ள வீடியோ முறைக்குப் போகலாம்.

10. முதல்ல எதை அளக்கவிடலாம்?

சீரான வேகத்தில் போகிற ஒன்றை. கோலிக்குண்டு தரையில் உருண்டுகொண்டே மெதுவாகும், கையால் தள்ளிய கார் இன்னும் சீக்கிரம் மெதுவாகும். அவற்றோடு ஆரம்பித்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வேகம் வந்து குழப்பும். பேட்டரி கார் நல்லது. ஆனால் புறப்பட்டதும் வேகம் பிடிக்கச் சற்று இடம் விடுங்கள் (7-வது பதிலில் சொன்ன அரை மீட்டர் அதற்கும் உதவும்). பேட்டரி தீரத் தீரக் கார் மெதுவாகும், அதனால் எல்லாக் குழுக்களும் ஒரே காரை வரிசையாக ஓட்டினால் கடைசிக் குழுவுக்கு வேறு விடைதான் வரும்.

இதைவிடவும் சீரானது குமிழ்க் குழாய். ஒரு மீட்டர் நீளமும் உள்விட்டம் சுமார் 1 செ.மீ.யும் உள்ள ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீரை நிரப்பி, 2 செ.மீ. மட்டும் காற்று விட்டு இருபுறமும் இறுக அடையுங்கள். 20 செ.மீ.க்கு ஒன்றாக வளையக் கோடுகள் போட்டு, குழாயைக் கவிழ்த்து நிறுத்துங்கள். குமிழ் நிதானமாக மேலே ஏறும். ஒவ்வொரு 20 செ.மீ.க்கும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும். 5 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள குழாயில் குமிழ் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். குழாயை லேசாகச் சாய்த்தால் குமிழ் மெதுவாகும் என்று எல்லாரும் ஊகிப்பார்கள். அளந்து பார்க்கச் சொல்லுங்கள், வேகம் கூடும்.

11. சூத்திர முக்கோணத்தை எப்போ சொல்லிக்கொடுக்கலாம்?

தள்ளிப்போடலாம், சொல்லாமலே விட்டாலும் நஷ்டமில்லை. தூரம், வேகம், நேரம் மூன்றின் எழுத்துகளையும் முக்கோணத்தில் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்துச் சூத்திரத்தைப் படிக்கும் முறை அது. எந்த எழுத்தை மறைப்பது என்று நினைவிருக்கும் குழந்தைக்கு, வினாடிக்கு 0.5 மீட்டர் என்றால் என்ன என்று தெரியாமல் இருக்கக்கூடும். "ஒரு வினாடி ஆகும்போது கார் இத்தனை மீட்டர் நகர்ந்திருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்கு மூன்று கணக்குகளும் தானே வரும். வினாடிக்கு அரை மீட்டர் என்றால் 8 வினாடியில் எவ்வளவு? 6 மீட்டர் போக எத்தனை வினாடி? இப்படிக் கேட்டுக்கேட்டே பழக்கலாம்.

12. ஸ்டாப்வாட்ச்ல 1:30 காட்டுச்சு. பையன் 1.3 நிமிஷம்னு போட்டுக் கணக்குப் பண்ணிட்டான். இது பெரிய தப்பா?

பெரிய தப்புதான், மிகப் பரவலானதும்கூட. 1 நிமிடம் 30 வினாடி என்பது 1.5 நிமிடம். ஒரு மணி 20 நிமிடத்தை 1.2 மணி என்று எழுதுவதும் இதே வகை. நிமிடத்துக்கு 60 வினாடி, தசமத்துக்குப் பத்துப் பத்து. இரண்டு முறைகளும் திரையில் ஒரே மாதிரி தெரிவதால் குழப்பம். சில கடிகாரங்கள் 1:30.45 என்று காட்டும். அதில் 1 நிமிடம், 30 முழு வினாடிகளாகவும், .45 மட்டும் தசமமாகவும் இருக்கிறது.

வகுப்பதற்கு முன் எல்லாவற்றையும் வினாடியாக மாற்றிவிடு என்று ஒரே விதி வையுங்கள். 1:30.45 என்றால் 90.45 வினாடி, 7-வது பதிலின்படி எழுத வேண்டியது 90.5.

13. கி.மீ./மணியை மீ./வினாடியா மாத்த 5/18-ன்னு மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. எங்கேர்ந்து வருது அது?

வினாடிக்கு 1 மீட்டர் போகிறவர், மணிக்கு 3,600 மீட்டர், அதாவது 3.6 கி.மீ. போவார். அவ்வளவுதான். மீ./வினாடியை 3.6-ஆல் பெருக்கினால் கி.மீ./மணி; திரும்பி வர 3.6-ஆல் வகுக்க வேண்டும். 1-ஐ 3.6-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் 5/18. பெருக்கலா வகுத்தலா என்று குழம்பினால், பெரியவர்களின் சாதாரண நடை ஏறக்குறைய வினாடிக்கு 1.4 மீட்டர், மணிக்கு 5 கி.மீ. என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கி.மீ./மணியில் எண் எப்போதும் பெரிது.

14. சாய்வுல உருட்டிவிட்டா ஒவ்வொரு பகுதிக்கும் வேற வேற வேகம் வருது. நாங்க தப்பா அளக்கிறோமா?

சரியாகத்தான் அளக்கிறீர்கள். சாய்தளத்தில் குண்டு முடுக்கம் அடைகிறது, அதாவது அதன் வேகம் கூடிக்கொண்டே போகிறது. இதை முதலில் கவனமாக அளந்து காட்டியவர் கலிலியோ. ஸ்டாப்வாட்ச் இல்லாத காலத்தில், பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக வடியும் தண்ணீரைப் பிடித்து, அதன் எடையை நேரமாகக் கொண்டார். சம நேர இடைவெளிகளில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடுகின்றன என்று கண்டார்.

வகுப்பில் செய்ய, 2 மீட்டர் பள்ளச் சட்டத்தின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். கோலிக்குண்டு கீழே வர மூன்றரை வினாடிபோல் ஆகும்; பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம். முதல் 50 செ.மீ.க்கு ஆகும் நேரத்தையும் முழு 2 மீட்டருக்கு ஆகும் நேரத்தையும் தனித்தனியாக ஐந்து முறை அளக்கச் சொல்லுங்கள். தூரம் நான்கு மடங்கு, நேரம் இரு மடங்குதான் வரும். 6-வது பதிலில் ஊசலில் பார்த்த அதே நான்குக்கு இரண்டு இங்கேயும் வருவதைச் சில பிள்ளைகள் தாங்களாகவே கவனிப்பார்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது புவியீர்ப்பு தரும் முடுக்கம்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் புறப்பாடுதான். விரலால் விட்டால் தெரியாமலே சிறு தள்ளல் கொடுத்துவிடுவோம். குண்டுக்கு முன்னால் ஓர் அட்டையைக் குறுக்கே பிடித்து, சாய்வின் கீழ்ப்பக்கமாகச் சட்டென்று விலக்குங்கள். சட்டம் நடுவில் தொய்ந்திருந்தாலும் விகிதம் மாறும். நடுவில் ஒரு முட்டுக் கொடுங்கள்.

15. அப்போ "இதோட வேகம் இவ்வளவு"ன்னு ஒரே எண்ணைச் சொல்றது எப்படி?

அது சராசரி வேகம்: மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தது. 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். சராசரி வினாடிக்கு 10.44 மீட்டர், மணிக்கு 37.6 கி.மீ. ஆனால் முதல் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1.9 வினாடி ஆனது, அங்கே சராசரி வினாடிக்கு 5 மீட்டர் சொச்சம்தான். 60-க்கும் 80-க்கும் இடையே வினாடிக்கு 12 மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தார். பகுதியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், அந்தக் கணத்தில் என்ன வேகம் என்பதை நெருங்குகிறோம். வண்டியின் வேகமானி காட்டுவது அந்தக் கணநேர வேகத்தை.

16. போகும்போது மணிக்கு 60, வரும்போது 40. சராசரி 50-தானே?

48. தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி, வர 3 மணி. 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், மணிக்கு 48. மெதுவான வேகத்தில் அதிக நேரம் பயணித்ததால் சராசரி அதன் பக்கம் சாய்கிறது. ஒரு மணி நேரம் 60-லும் ஒரு மணி நேரம் 40-லும் போயிருந்தால் 50 சரி. வேகங்களை நேரடியாகச் சராசரி எடுக்காதே, மொத்தத்தை மொத்தத்தால் வகு என்பதை 15-வது பதிலோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

17. தூர-நேர வரைபடத்தைப் பார்த்தா "வண்டி மலை ஏறுது"ன்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

கோட்டைப் படமாகப் பார்க்கிறார்கள். இதற்கு நடந்தே வரைய வேண்டும். வினாடிக்கு ஒரு தட்டு என்று தாளம் வையுங்கள். ஒரு குழந்தை நேர்கோட்டில் நடக்க, இன்னொரு குழந்தை ஒவ்வொரு தட்டுக்கும் நடப்பவரின் குதிகால் இருக்கும் இடத்தில் ஒரு வில்லையை வைக்கட்டும். பிறகு தூரங்களை அளந்து, கிடையச்சில் நேரம், நிலையச்சில் தூரம் என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தரை சமதளம், கோடு மட்டும் மேலே ஏறுகிறது. படத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே விளங்கும்.

அடுத்து தலைகீழாக: நீங்கள் ஒரு கோட்டை வரைந்துகொடுத்து, அதன்படி நடக்கச் சொல்லுங்கள். செங்குத்தாக நெருங்க நெருங்க வேகமான நடை. கிடைமட்டக் கோடு என்றால் நிற்க வேண்டும், இறங்கும் கோடு என்றால் திரும்பி வர வேண்டும். முழுச் செங்குத்துக் கோடு ஒன்றையும் கொடுங்கள். ஒரே கணத்தில் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பதால் யாராலும் நடக்க முடியாது. அதை அவர்களே சொல்வது வரை காத்திருங்கள். சீரான ஓட்டத்தின் புள்ளிகளைப் புள்ளிக்குப் புள்ளி ஒடித்து இணைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் நெருக்கமாகப் போகும் ஒரே நேர்கோட்டை அளவுகோலால் இழுக்கட்டும். அந்தச் சின்ன மேடுபள்ளங்கள் விரலின் பிழை, காரின் வேகமாற்றம் இல்லை.

18. ஃபோன் வீடியோவை வெச்சு அளக்கலாமா?

அளக்கலாம், வேகமான பொருளுக்கு அதுவே சிறந்த வழி. சாதாரண வீடியோ வினாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்), ஆக ஒரு சட்டகத்துக்கு 0.033 வினாடி. வினாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் ஃபோன் என்றால் 0.004 வினாடி. ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்க்கும் செயலியில் திறந்து, இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை சட்டகம் என்று எண்ணுங்கள். ஃபோன்கள் வெளிச்சத்துக்கேற்பச் சட்டக எண்ணிக்கையைத் தாமே மாற்றுவதுண்டு. ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றும் படத்தில் தெரியும்படி வைத்தால் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஃபோனைக் கையில் பிடிக்காமல், பாதைக்குச் செங்குத்தாக, குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். மீட்டர் அளவுகோலைப் பொருள் ஓடும் கோட்டிலேயே வைக்க வேண்டும். அளவுகோல் ஃபோனுக்குப் பக்கமாக இருந்தால் படத்தில் அது பெரிதாகத் தெரியும். அதை வைத்துக் கணக்கிட்ட தூரமும் வேகமும் உண்மையைவிடக் குறைந்துபோகும்.

ஜிபிஎஸ் செயலி போதாதா என்றும் கேட்கிறார்கள். அதன் இடக்குறிப்பில் திறந்தவெளியிலும் சில மீட்டர் பிழை உண்டு. ஒரு கிலோமீட்டர் நடைக்குப் பொருட்டில்லை, 10 மீட்டர் ஓட்டத்துக்கு உதவவே உதவாது.

19. ரோட்டுல போற வண்டிகளோட வேகத்தைப் பசங்களை அளக்கவிடலாமா?

சாலையோரத்தில் வேண்டாம். சுற்றுச்சுவருக்கு உள்ளிருந்தோ மாடியிலிருந்தோ மட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க அளக்கலாம். எதிரே தெரியும் இரண்டு கம்பங்களுக்கு இடையே வண்டி போகும் நேரத்தை எடுப்பது வழக்கம். இதில் பெரிய பொறி ஒன்று உண்டு. பார்ப்பவர் கம்பங்களிலிருந்து 10 மீட்டர் பின்னால் நிற்கிறார், வண்டி கம்பங்களுக்கு அப்பால் 5 மீட்டரில் போகிறது, கம்பங்களுக்கு இடையே 20 மீட்டர் என்றால், அவர் கண்ணுக்குக் கம்பத்திலிருந்து கம்பம்வரை தெரியும் ஓட்டம் உண்மையில் 30 மீட்டர். பார்வைக்கோடுகள் விரிந்துகொண்டே போவதுதான் காரணம். ஒவ்வொரு கம்பத்துக்கும் நேர் எதிரே ஒரு குழந்தை நின்று, வண்டி தன் கம்பத்தைக் கடக்கும்போது கையை இறக்க, மூன்றாமவர் அதைப் பார்த்து ஸ்டாப்வாட்சை இயக்கினால் இந்தப் பிழை போய்விடும்.

சைகை கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கைதட்டல் 0.3 வினாடி பிந்தித்தான் கேட்கும். கையால் நேரம் எடுக்கும் ஓட்டப்பந்தய நடுவர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திராமல், அதன் புகையையோ ஒளியையோ பார்த்துக் கடிகாரத்தை ஓடவிடுவது அதனால்தான்.

20. 200 மீட்டர் நீள ரயில் கம்பத்தைத் தாண்ட 10 வினாடி, 300 மீட்டர் நடைமேடையைத் தாண்ட 25 வினாடி. 300-ஐ 25-ஆல் வகுத்தா வேகம் வேற வருதே?

4-வது பதிலில் சொன்ன புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்முனையில் ஒரு புள்ளி வையுங்கள். எஞ்சின் நடைமேடையின் தொடக்கத்தைத் தொடும்போது அந்தப் புள்ளி 200 மீட்டர் பின்னால் இருக்கிறது. ரயில் முழுதாகத் தாண்டும்போது அது நடைமேடையின் மறுமுனையில். அது நகர்ந்த தூரம் 500 மீட்டர். 25-ஆல் வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். கம்பத்தைத் தாண்டும்போது நகர்ந்தது 200 மீட்டர். 10-ஆல் வகுத்தால் அதே 20.

21. மைதானத்தை ஒரு சுத்து 80 வினாடியில ஓடினா திசைவேகம் சுழின்னு புத்தகத்துல இருக்கு. பிள்ளைங்க சிரிக்கிறாங்க.

சுழியாவது சராசரித் திசைவேகம், அதாவது இடப்பெயர்ச்சியை (புறப்பட்ட இடத்திலிருந்து முடிந்த இடம்வரை உள்ள நேர்கோட்டுத் தூரமும் திசையும்) மொத்த நேரத்தால் வகுத்தது. 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்று என்றால் கடந்த தூரம் 400 மீட்டர், சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி. அதனால் சராசரித் திசைவேகமும் சுழி. ஓடிய எந்தக் கணத்திலும் திசைவேகம் சுழியாக இருக்கவில்லை. எவ்வளவு களைத்தோம் என்பதற்கு வேகம் விடை தரும். எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதற்குத் திசைவேகம். பத்து வயதுக்கு இது வேண்டாம், வரைபடம் நன்றாகப் பழகிய பிறகு சொல்லுங்கள்.

22. நாங்க அளந்தது சரியான்னு எதை வெச்சுச் சரிபார்க்கிறது?

வேகம் முன்பே தெரிந்த ஒரு பொருளை அளந்து பாருங்கள். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் 10 செ.மீ. நீளம் என்றால், அதன் நுனி 60 வினாடியில் 62.8 செ.மீ. சுற்றுகிறது, வினாடிக்கு 1.05 செ.மீ. குழந்தைகள் கண்ணாடியின் மேல் நூலை வைத்து வட்டத்தை அளந்து, வகுத்து, இந்த விடைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறார்கள் என்று பார்க்கட்டும். அதே முள்ளின் நடுப்புள்ளியை அளந்தால் பாதி வேகம்தான் வரும். "ஒரே முள்ளுக்கு எப்படி ரெண்டு வேகம்?" என்று யாராவது கேட்டால், அன்றைய பாடம் நன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

23. வேகம் தெரிஞ்சா நேரத்தை வெச்சுத் தூரத்தைக் கண்டுபிடிக்கலாமா?

தாராளமாக. மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள வினாடிகளை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி வெட்டியது என்பது ஏறக்குறையத் தெரியும். 20 டிகிரி செல்சியசில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போவதால் 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒளி வர ஆகும் நேரம் இந்தத் தூரத்துக்குப் பொருட்டே இல்லை. இதைக் கட்டடத்துக்குள் இருந்து மட்டுமே செய்ய வேண்டும். வெளியில் இருக்கும்போது இடி கேட்டால் எண்ணிக்கொண்டு நிற்காமல் உள்ளே போய்விட வேண்டும்.

மீட்டரையே இப்போது இப்படித்தான் வரையறுக்கிறார்கள். 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கில் கடக்கும் தூரம்தான் ஒரு மீட்டர். "அளவுகோல் சரின்னு யார் அளந்தாங்க?" என்று கேட்கும் குழந்தைக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.